ரெண்டு பக்கமும் போட்டாச்சுன்னா பத்திரிகையாளர் வேலை முடிஞ்சுதா?

புதுப்பேனா (இழை தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. ஒரு நியூஸ் வெப்சைட்ல டெஸ்க்ல சேர்ந்திருக்கேன், இன்னும் ட்ரெய்னிதான். இங்க ஃபீல்டுல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்குறேன். காலேஜ்ல ஆப்ஜெக்டிவிட்டி, அக்யூரசி, பேலன்ஸ், கேட்கீப்பிங், அஜெண்டா செட்டிங்னு மாஞ்சு மாஞ்சு படிச்சோம். ஆஃபீஸ் வந்தா எந்த ஸ்டோரிய இப்ப எத்தன பேர் படிக்கிறாங்கன்னு ஒரு டேஷ்போர்டு ஓடிட்டே இருக்கு, எல்லா முடிவும் அத பாத்துதான். ஒருத்தர் தன்னோட பவுடர் சர்க்கரை வியாதிய முழுசா குணப்படுத்தும்னு சொல்றாராம், அத ஸ்டோரியா பண்ணுன்னு சொன்னாங்க. ஆதாரம் ஒண்ணுமே இல்லையேன்னு கேட்டதுக்கு, ஒரு டாக்டர்கிட்ட ரெண்டு வரி எதிர்கருத்து வாங்கி கடைசில சேத்துடு, ரெண்டு பக்கமும் வந்துட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சுதுன்னு பதில் வந்துச்சு.

படிச்ச பேலன்ஸ் இதுதானா? இல்ல நான்தான் ரொம்ப யோசிக்கிறேனா? திட்டுனாலும் பரவால்ல, விவரமா திட்டுங்க.

சும்மாபடிப்பவன்

தம்பி இன்னுமா ஆப்ஜெக்டிவிட்டின்னு ஒண்ணு இருக்குன்னு நம்பிட்டிருக்க. எல்லா சேனலுக்கும் ஒரு முதலாளி, அவருக்கு ஒரு கட்சி, இல்லன்னா ஒரு பிசினஸ். நான் பேப்பர் வாங்குறத நிறுத்தி பல வருஷம் ஆச்சு, யூடியூப்ல நமக்கு புடிச்ச நாலு பேர் சொல்றத கேட்டாலே போதும். என்ன, அவங்களும் நடுவுல பிசினஸ் விளம்பரம் பண்றாங்க. ஆனா மூஞ்சிக்கு நேரா பண்றாங்கல்ல.

ராத்திரிடெஸ்க்

புதுப்பேனா, ரொம்ப யோசிக்கல, சரியாத்தான் யோசிக்கிற. உன் ஆஃபீஸ்ல சொன்னதுக்கு பேரு பேலன்ஸ் இல்லப்பா, போலி பேலன்ஸ். இதுக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

1998-ல லான்செட்னு பெரிய மருத்துவ ஜர்னல்ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுங்கிற பிரிட்டிஷ் டாக்டர் டீம் ஒரு பேப்பர் போட்டுச்சு. வெறும் 12 குழந்தைங்கள வச்சு பண்ண பேப்பர். அத வச்சுக்கிட்டு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்து போடுறது) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு அவர் பிரஸ் மீட்ல பேசினார். அதுக்கப்புறம் பிரிட்டன் பேப்பரும் டிவியும் வருஷக்கணக்கா என்ன பண்ணாங்கன்னா, ஒரு பக்கம் வேக்ஃபீல்டு இல்லன்னா அவர நம்புற ஒரு அம்மா, இன்னொரு பக்கம் ஒரு அரசாங்க டாக்டர், ரெண்டு பேருக்கும் சமமா நேரம். பாக்குறவங்களுக்கு எப்படி தெரியும்? டாக்டருங்களே ரெண்டா பிரிஞ்சு சண்ட போடுறாங்க போலன்னு தெரியும். நிஜத்துல ஒரு பக்கம் 12 குழந்தைங்க, இன்னொரு பக்கம் லட்சக்கணக்கான குழந்தைங்கள வச்சு பல நாட்டுல பண்ண ஆய்வுங்க. அந்த எடை வித்தியாசத்த ஸ்க்ரீன்ல யாரும் காட்டல. தடுப்பூசி போடுறது குறைஞ்சுது, தட்டம்மை திரும்ப வந்துச்சு.

இத உடைச்சதும் ஒரு பத்திரிகையாளர்தான், அத மறந்துடாத. பிரையன் டீர்னு ஒருத்தர், 2004-ல சண்டே டைம்ஸ்ல எழுத ஆரம்பிச்சார். தடுப்பூசி கம்பெனிங்க மேல கேஸ் போட இருந்த வக்கீலுங்ககிட்ட இருந்து வேக்ஃபீல்டுக்கு பணம் போயிருக்குன்னு வெளிய கொண்டு வந்தார். அதோட விடல, அந்த குழந்தைங்களோட மருத்துவ பதிவும் பேப்பர்ல எழுதுனதும் ஒத்துப்போகலன்னு வருஷக்கணக்கா தோண்டினார். 2010-ல லான்செட் பேப்பர வாபஸ் வாங்குச்சு, வேக்ஃபீல்டோட டாக்டர் லைசன்சும் போச்சு.

ஒரே விஷயம்தான். ரெண்டு பக்கமும் கேட்டு போட்டவங்க அத்தன பேரும் சேர்ந்து கெடுத்தத ஒருத்தர் ரெக்கார்ட எடுத்து சரிபாத்து திருத்தினார். நம்ம தொழில்ல பேலன்ஸ்ங்கிறது கேள்வி கேக்குறப்ப இருக்க வேண்டியது, அதாவது எல்லார்கிட்டயும் அதே சந்தேகத்தோட போறது. எழுதுறப்ப ஆதாரம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதணும். 2018-ல பிபிசி கூட பருவநிலை மாற்றம் பத்தி இதையேதான் உள்ளுக்குள்ள ஸ்டாஃபுக்கு எழுதுச்சு, பேலன்ஸுக்காக மறுக்கிற ஆள ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டு வந்து உக்கார வைக்க வேண்டியதில்லைன்னு. அதுக்கே அவங்களுக்கு அவ்ளோ வருஷம் ஆச்சுங்கிறது வேற கத.

சும்மாபடிப்பவன்

சார் நல்லா சொன்னீங்க, ஆனா எந்தப் பக்கம் ஆதாரம் சாயுதுன்னு முடிவு பண்றது யாரு? நீங்கதான? அங்கதான் உங்க அரசியல் உள்ள வருது. ரெண்டையும் போடுங்க, நாங்க முடிவு பண்ணிக்கிறோம்.

ஃபேக்ட்செக்பூனை

நாங்க முடிவு பண்ணிக்கிறோம்னு சொல்றதுல ஒரு சிக்கல் இருக்கு ப்ரோ. உங்ககிட்ட முடிவு பண்றதுக்கு தேவையான பொருள் இருந்தாத்தான முடிவு பண்ணுவீங்க. ஒருத்தர் மழை பெய்யுதுங்கிறார், இன்னொருத்தர் பெய்யலங்கிறார், ரெண்டையும் எழுதி உங்க கையில குடுத்தா என்ன பண்ணுவீங்க? ரிப்போர்ட்டர் ஜன்னல தொறந்து பாத்துட்டு வந்து சொல்லணும், எந்த ஜன்னல தொறந்தேன்னும் சொல்லணும். ரெண்டாவது பாதிதான் உங்க கேள்விக்கு பதில். எப்படி முடிவு பண்ணோங்கிறத வெளிய காட்டிட்டா நீங்களே செக் பண்ணலாம், என் அரசியல் என்னவா இருந்தா என்ன.

2014 ஜூலைல மலேசியன் ஏர்லைன்ஸோட எம்எச்17 விமானத்த உக்ரைன் மேல சுட்டு வீழ்த்துனாங்க, 298 பேர் செத்தாங்க. பெல்லிங்கேட்னு அப்பதான் ஆரம்பிச்ச ஒரு சின்ன டீம், ஆஃபீஸ் கிடையாது, ரகசிய சோர்ஸ் கிடையாது, ஊர் மக்கள் நெட்ல போட்ட ஃபோட்டோவையும் வீடியோவையும் வச்சு அத சுட்ட புக் (Buk)ங்கிற ரஷ்யத் தயாரிப்பு ஏவுகணைய ஏத்துன லாரி எந்தெந்த ரோட்ல போச்சுன்னு கண்டுபுடிச்சாங்க. பின்னாடி தெரியிற கட்டடம், விளம்பர போர்டு, நிழல் எந்தப் பக்கம் விழுது, எல்லாத்தையும் சாட்டிலைட் படத்தோட ஒப்பிட்டு, ஒவ்வொரு படியையும் எழுதியே போட்டாங்க. எங்களுக்கு சம்பந்தமில்லைன்னு ரஷ்யா மறுத்துச்சு. யார் வேணா அதே ஃபோட்டோவ எடுத்து திரும்ப செஞ்சு பாக்கலாம்ங்கிறதால அந்த மறுப்பு நிக்கல. 2022 நவம்பர்ல நெதர்லாந்து கோர்ட் மூணு பேருக்கு, அவங்க ஆஜராகாமலேயே, ஆயுள் தண்டனை குடுத்துச்சு. கோர்ட் விசாரணை தனி, அது அவங்க சொந்தமா பண்ணது. ஆனா முதல்ல மேப்ல புள்ளி வச்சது சும்மா லேப்டாப்போட உக்காந்திருந்தவங்கதான்.

குட்டிச்சுவர்

ஃபாலோயிங் 🙋

கணக்குப்பேர்வழி

நீங்க எல்லாரும் தர்மம் பேசுறீங்க, நான் காசு பேசுறேன். ஒரு பேப்பர்ல விளம்பர சைடுல ரொம்ப காலம் இருந்தவன். அந்த ட்ரெய்னிக்கு பதில் சொன்ன எடிட்டர் கெட்டவரா இருக்கணும்னு அவசியம் இல்லீங்க. சரிபாக்குறதுக்கு ஆள் வேணும், ஆளுக்கு சம்பளம் வேணும், சம்பளம் எங்க இருந்து வந்துட்டிருந்துச்சுன்னு யோசிங்க. வாசகர் குடுத்த காசுல பேப்பர், மை, வண்டி செலவு கூட முழுசா தேறாது. வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை, பழைய கார் விற்பனைக்குன்னு வர்ற வரி விளம்பரம் இருக்கு பாருங்க, அதுதான் கோர்ட்ல போய் நாள் முழுக்க உக்காந்திருந்த ரிப்போர்ட்டருக்கு சோறு போட்டது. யாரும் கோர்ட் செய்திக்காக அந்த விளம்பரத்த குடுக்கல, ரெண்டும் ஒரே பேப்பர்ல இருந்துச்சு, அவ்ளோதான்.

1995-ல சான் பிரான்சிஸ்கோல ஒருத்தர் நண்பர்களுக்கு அனுப்புற ஈமெயில் லிஸ்டா ஆரம்பிச்ச கிரெய்க்ஸ்லிஸ்ட் அந்த வரி விளம்பரத்த கிட்டத்தட்ட இலவசமாக்கிடுச்சு. மிச்சம் இருந்த பெரிய விளம்பரத்த கூகுளும் ஃபேஸ்புக்கும் எடுத்துக்கிச்சு. அமெரிக்க பேப்பர்களோட மொத்த விளம்பர வருமானம் 2005-ல கிட்டத்தட்ட 49 பில்லியன் டாலர், 2020-ல 10 பில்லியனுக்கும் கீழ போயிடுச்சு. அந்த நாட்டுல 2005-க்கு அப்புறம் மூடுன பேப்பருங்க 3,000-க்கும் மேல, முக்காவாசி சின்ன ஊர் வாரப் பத்திரிகைங்க. அந்த ஊருங்கள்ல கவுன்சில் மீட்டிங்ல உக்காந்து குறிப்பெடுக்க இப்ப ஆளே இல்ல. யாரும் சென்சார் பண்ணல, யாரும் மிரட்டல, சும்மா ஆள் இல்ல.

அப்புறம் இந்த ஃபேஸ்புக் மாதிரி பிளாட்ஃபாரம்காரங்க கத இருக்கே. வீடியோதான் எதிர்காலம்னு ஃபேஸ்புக் சொல்லுச்சு, நிறைய கம்பெனி எழுதுறவங்கள வீட்டுக்கு அனுப்பிட்டு வீடியோ டீம் போட்டாங்க. 2016-ல ஃபேஸ்புக்கே ஒத்துக்கிச்சு, சராசரியா எவ்ளோ நேரம் வீடியோ பாக்குறாங்கன்னு குடுத்த கணக்குல மூணு செகண்டுக்கு கம்மியா பாத்தவங்கள விட்டுட்டோம், அதனால நம்பர் ரெண்டு வருஷமா ஊதிப்போயிருந்துச்சுன்னு. அதுக்கப்புறமும் 2017-ல கூட வீடியோ வீடியோன்னு ஓடுனவங்க இருக்காங்க, அது நம்ம ஆளுங்க புத்திசாலித்தனம், அத பத்தி தனியா அழலாம்.

புதுப்பேனா

அண்ணே, அப்ப பிளாட்ஃபாரம்காரங்க செய்திக்கு காசு குடுக்கணும்னு சட்டம் போட்டா சரியாகிடாதா? ஆஸ்திரேலியால பண்ணாங்களே.

கணக்குப்பேர்வழி

பண்ணாங்க, 2021-ல. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே பிப்ரவரில ஃபேஸ்புக் அந்த நாட்டுல செய்தி லிங்க் மொத்தத்தையும் தூக்கிடுச்சு. தூக்குற வேகத்துல சுகாதாரத் துறை, அவசர சேவை பக்கமெல்லாம் கூட காணாம போச்சு, அதுவும் கோவிட் நேரத்துல. ஒரு வாரத்துக்குள்ள பேசி முடிச்சு, சட்டத்த கொஞ்சம் மாத்தி, திரும்ப வந்தாங்க. காசு ஓரளவு வந்துச்சு, பெரிய கம்பெனிங்களுக்கு நல்லாவே வந்துச்சு. அடுத்து கனடா 2023-ல அதே மாதிரி போட்டுச்சு. கூகுள் வருஷத்துக்கு 100 மில்லியன் கனடா டாலர் குடுக்க ஒத்துக்கிச்சு. ஃபேஸ்புக்கோட தாய் கம்பெனி மெட்டா? செய்தியே வேணாம்னு ஆகஸ்ட்ல கதவ சாத்திடுச்சு. சாத்துன அதே மாசம் அங்க காட்டுத்தீ, யெல்லோநைஃப்னு ஒரு ஊரையே காலி பண்ண வேண்டியதாச்சு, மக்களால செய்தி லிங்க்க ஷேர் பண்ண முடியல.

அதனால என் கருத்து, அடுத்தவன் வாசல்ல கட போட்டா அவன் ஷட்டர இறக்குறப்ப நாம நடுரோட்ல நிக்கணும். வாசகர் நேரா காசு குடுக்கிறது ஒண்ணுதான் கொஞ்சம் நிக்குது, சந்தாவோ, பிரிட்டனோட கார்டியன் பேப்பர் மாதிரி எல்லாருக்கும் திறந்து வச்சுட்டு முடிஞ்சவங்க குடுங்கன்னு கேக்குறதோ.

சும்மாபடிப்பவன்

நாங்க ஏன் குடுக்கணும்? ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் வருஷா வருஷம் பல நாட்டுல சர்வே எடுக்குது, செய்திய பெரும்பாலும் நம்பலாம்னு சொல்றவங்க 40 சதவீதம்தான். 2024-லயும் அதே, 2025-லயும் அதே. நம்பாத பொருளுக்கு யார் சார் சந்தா கட்டுவாங்க. முதல்ல நம்பிக்கைய சம்பாதிங்க, அப்புறம் ரசீது நீட்டுங்க.

ராத்திரிடெஸ்க்

இதுக்கு மறுப்பு சொல்ல மாட்டேன், நியாயம்தான். 2003-ல நியூயார்க் டைம்ஸ்ல ஜேசன் பிளேர்னு ஒரு ரிப்போர்ட்டர் போகாத ஊருக்கு போன மாதிரி எழுதி, அடுத்தவங்க எழுதுனத எடுத்து போட்டு மாட்டினார், மேல இருந்த ரெண்டு எடிட்டர் ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு. 2018-ல ஜெர்மனியோட டெர் ஸ்பீகல்ல கிளாஸ் ரெலோடியஸ், அவார்டு மேல அவார்டு வாங்குனவர், ஆளுங்களையே கற்பனை பண்ணி எழுதியிருக்கார். அந்த பத்திரிகைக்கு உலகத்துலயே பெரிய சரிபார்ப்பு பிரிவுங்கள்ல ஒண்ணு இருந்துச்சு தெரியுமா? அவ்ளோ பேரையும் தாண்டி போயிருக்கு. ஏன்னா அவங்க தேதி, ஊர் பேரு, ஜனத்தொகை, இதெல்லாம்தான் பாத்தாங்க, அந்த ஆள் நிஜமா அப்படி பேசினாரான்னு ரிப்போர்ட்டர் வார்த்தைய நம்பி விட்டுட்டாங்க. புடிச்சது யாரு? அவர் கூட சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்த ஹுவான் மொரேனோ. சந்தேகப்பட்டு சொல்லியிருக்கார், மேல இருந்தவங்க முதல்ல இவரத்தான் முறைச்சாங்க. தன் செலவுல அமெரிக்கா போய், கட்டுரைல வர்ற ஆளுங்கள நேர்ல பாத்து, ரெலோடியஸ உங்களுக்கு தெரியுமான்னு கேட்டு வீடியோ எடுத்துட்டு வந்தார். அவங்க அவர பாத்ததே இல்ல.

ஆனா சும்மாபடிப்பவன் சார், நீங்க பாக்குற யூடியூப் ஆளு பொய் சொன்னா அவர புடிக்கிற மொரேனோ யாரு? ஸ்பீகல் கடைசில தன் மேலயே ஒரு விசாரணை கமிஷன் போட்டு, அறிக்கைய வெளியிட்டுச்சு. தப்பே நடக்காதுன்னு எந்த பேப்பரும் சொல்ல முடியாது, நடந்தா திருத்தம் எங்க வரும், யார் பேர்ல வரும், தெரியிற இடத்துல வருமாங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

வழக்குக்கட்டு

வக்கீல் பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை. சரிபாக்குறதுக்கு காசு வேணும்னு கணக்குப்பேர்வழி சொன்னார். சரிபாத்து முடிச்சு, எல்லாம் உண்மைன்னு தெரிஞ்ச பிறகும் போட தைரியம் வேணும், அதுக்கும் காசுதான் வேணும்.

மால்டாங்கிற குட்டி ஐரோப்பிய நாட்டுல டாஃப்னே கருவானா கலிசியா, தனியா பிளாக் எழுதுன பத்திரிகையாளர், 2017 அக்டோபர் 16 அன்னிக்கு கார்ல குண்டு வச்சு கொன்னாங்க. கொல்லப்பட்ட அன்னிக்கு அவங்க மேல நிலுவைல இருந்த அவதூறு வழக்கு 40-க்கும் மேல. பல வழக்கு அவங்க போன பிறகு குடும்பத்து மேல தொடர்ந்துச்சு. இந்த மாதிரி வழக்கு போடுறவங்க ஜெயிக்கணும்னு போடுறதில்ல. கோர்ட்டுக்கு அலைய வச்சு, வக்கீல் ஃபீஸ் கட்ட வச்சு, அடுத்த ஸ்டோரி எழுத நேரமே இல்லாம பண்றதுதான் நோக்கம். ஐரோப்பிய யூனியன் 2024-ல இத தடுக்க ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, ஆளுங்க அத டாஃப்னே சட்டம்னே சொல்றாங்க. ஆதாரமில்லாத வழக்க சீக்கிரமே தள்ளுபடி பண்ணவும், போட்டவர் தலையில செலவ கட்டவும் வழி இருக்கு.

அதே நேரம் அவதூறு சட்டமே வேணாம்னும் சொல்ல முடியாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் சமயத்துல ரிச்சர்ட் ஜுவெல்னு ஒரு செக்யூரிட்டி கார்டு. பார்க்ல குண்டு இருந்த பை ஒண்ணு கேட்பாரற்று கிடந்தத பாத்து சொல்லி, அது வெடிக்கிறதுக்கு முன்னாடி ஜனங்கள விலக்கினவர். மூணே நாள்ல எஃப்பிஐ இவரத்தான் சந்தேகப்படுதுன்னு உள்ளூர் பேப்பர் போட்டுச்சு, டிவி எல்லாம் அவர் வீட்டு வாசல்ல. அக்டோபர்ல அவர் மேல சந்தேகம் இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. குண்டு வச்சது வேற ஆள், பின்னாடி ஒத்துக்கிட்டான். ஜுவெல் 2007-ல இறந்துட்டார். அந்த பேப்பர் மேல போட்ட வழக்கு அதுக்கப்புறமும் இழுத்து, கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, செய்தி வெளியானப்ப அது சாராம்சத்துல உண்மை, எஃப்பிஐ நிஜமாவே அவர சந்தேகப்பட்டுச்சுன்னு.

இத ஒரு தடவ நிதானமா யோசிச்சு பாருங்க. வரிக்கு வரி உண்மை. ஒரு மனுஷன் வாழ்க்கை போச்சு. சட்டம் மன்னிச்சத தொழில் தர்மமும் மன்னிக்கணும்னு இல்ல.

குட்டிச்சுவர்

இப்பெல்லாம் மூணு நாள் எங்க, மூணு நிமிஷத்துல பேர் ஃபோட்டோ ஸ்கூல் மார்க் ஷீட் வரைக்கும் வந்துடும்

ஃபேக்ட்செக்பூனை

அதான் 2013-ல பாஸ்டன் மாரத்தான் குண்டு வெடிப்புல நடந்துச்சு. ரெட்டிட்ங்கிற நெட் ஃபோரம்ல உக்காந்து ஆளுங்க ஃபோட்டோவ வட்டம் போட்டு சம்பந்தமே இல்லாதவங்கள குற்றவாளி ஆக்குனாங்க, அந்த நேரத்துல ஒரு பெரிய டேப்லாய்டு பேப்பர் முன்பக்கத்துலயே ரெண்டு பசங்க படத்த போட்டுச்சு, ரெண்டு பேரும் நிரபராதி. மேல நான் பெல்லிங்கேட்ட புகழ்ந்தேன்ல, இது அதே கருவி, அதே நெட், அதே ஃபோட்டோ. அவங்க ஒவ்வொரு படிலயும் இது தப்பா இருக்க வழி இருக்கான்னு தேடுனாங்க, இவங்க சரின்னு காட்ட வழி தேடுனாங்க.

ஏஐ பத்தி யாரும் இன்னும் ஆரம்பிக்கல, நானே ஆரம்பிக்கிறேன். எல்லாரும் டீப்ஃபேக் வீடியோவத்தான் பயப்படுறாங்க. எனக்கு அதவிட பயம், சாதாரணமா, சலிப்பா, நம்புற மாதிரி இருக்கிற தப்பு மேல. 2025 மே மாசம் சிகாகோ சன்-டைம்ஸ் இணைப்புல கோடைக்கு படிக்க புத்தகம்னு 15 தலைப்பு போட்டாங்க, அதுல 10 புத்தகம் உலகத்துலயே கிடையாது. எழுத்தாளருங்க பேரு நிஜம், புத்தகம் மட்டும் இல்ல. வெளிய இருந்து வாங்கிப் போட்ட பக்கம், எழுதுனவர் ஏஐ கிட்ட கேட்டு அப்படியே குடுத்துட்டார், அங்க இருந்து அச்சு வரைக்கும் ஒருத்தர் கூட ஒரு தலைப்ப தேடிப் பாக்கல. 2024 டிசம்பர்ல ஆப்பிள் ஃபோன்ல நோட்டிஃபிகேஷன சுருக்கித் தர்ற வசதி, ஒரு கொலைக் கேஸ்ல கைதானவர் தன்னையே சுட்டுக்கிட்டார்னு பிபிசி சொன்ன மாதிரி காட்டுச்சு. பிபிசி அப்படி சொல்லவே இல்ல. ஜனவரில செய்தி ஆப்புக்கு மட்டும் அந்த வசதிய நிறுத்துனாங்க. 2025 அக்டோபர்ல பிபிசியும் ஐரோப்பிய ஒளிபரப்பு யூனியனும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல, செய்தி பத்தி ஏஐ அசிஸ்டன்ட்டுங்க சொன்ன பதில்ல 45 சதவீதத்துல குறைஞ்சது ஒரு பெரிய குறை இருந்துச்சு.

நம்ம பேர போட்டு, நாம சொல்லாதத, நம்ம வாசகருக்கு வேற ஒருத்தர் சொல்றார். திருத்தம் போட நமக்கு இடமும் இல்ல அங்க.

கணக்குப்பேர்வழி

கூடவே காசையும் சேத்துக்கோங்க. சுருக்கம் அங்கயே கிடைச்சிட்டா யாரும் லிங்க்க அழுத்தி உள்ள வரப்போறதில்ல. நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பர்ல சாட்ஜிபிடி கம்பெனி ஓப்பன்ஏஐ மேலயும் மைக்ரோசாஃப்ட் மேலயும் கேஸ் போட்டதே எங்க கட்டுரைய எடுத்து உங்க ஏஐய பழக்கிட்டு எங்களுக்கே போட்டியா வர்றீங்கன்னுதான். வேற சில கம்பெனி கேஸுக்கு போகாம ஒப்பந்தம் போட்டு காசு வாங்கிக்கிச்சு. எது புத்திசாலித்தனம்னு இன்னும் பத்து வருஷம் கழிச்சுதான் தெரியும்.

காத்திருப்புப்பட்டியல்

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், ஒரு கேள்வி. வேஷம் போட்டு உள்ள போய் ஸ்டோரி பண்றது சரியா தப்பா? எங்க கிளாஸ்ல ஒரு மேடம் சூப்பர்ங்கிறாங்க, இன்னொரு சார் ஏமாத்துவேலைங்கிறார்.

ராத்திரிடெஸ்க்

ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கும்மா. 1887-ல நெல்லி பிளைங்கிற அமெரிக்க ரிப்போர்ட்டர் மனநோயாளி மாதிரி நடிச்சு ஆஸ்பத்திரில பத்து நாள் இருந்து எழுதினாங்க, அத யாரும் ஏமாத்துவேலைன்னு சொல்ல மாட்டாங்க. 1977-ல சிகாகோ சன்-டைம்ஸ் என்ன பண்ணுச்சுன்னா ஒரு பாரையே விலைக்கு வாங்கிடுச்சு. ரிப்போர்ட்டருங்களே பார்டெண்டர், ஃபோட்டோகிராஃபருங்க மறைஞ்சு உக்காந்து, லஞ்சம் கேட்டு வந்த இன்ஸ்பெக்டருங்கள எல்லாம் பதிவு பண்ணி வரிசையா போட்டுச்சு. செம ஸ்டோரி. அமெரிக்காவோட பெரிய பத்திரிகை விருதான புலிட்சர் வரும்னு எதிர்பாத்தாங்க, ஏமாத்தி எடுத்த ஸ்டோரிக்கு குடுக்கக் கூடாதுன்னு போர்டுல எதிர்ப்பு வந்து கிடைக்கல.

வழக்குக்கட்டு

ஃபுட் லயன் கேஸையும் சேத்துக்கோங்க. அமெரிக்காவோட ஏபிசி டிவி ஆளுங்க ரெண்டு பேர் பொய்யான பயோடேட்டா குடுத்து அந்த சூப்பர்மார்க்கெட் செயின்ல வேலைக்கு சேர்ந்து, கெட்டுப்போன கறிய திரும்ப பேக் பண்றத மறைவா படம் புடிச்சதா 1992-ல ஒளிபரப்புனாங்க. கம்பெனி அவதூறு கேஸே போடல. ஏன்னா அதுல செய்தி உண்மையாங்கிறது விவாதத்துக்கு வரும். மோசடி, அத்துமீறி நுழைஞ்சது, வேலை குடுத்தவருக்கு விசுவாசமா இல்லாததுன்னு போட்டாங்க. ஜூரி 5.5 மில்லியன் டாலர் குடுன்னுச்சு. அப்பீல் கோர்ட் 1999-ல அத ரெண்டு டாலராக்குச்சு. இரண்டு டாலர், தப்பா அடிக்கல.

ஆனா அந்த ரெண்டு டாலருக்கு ஏபிசி எத்தன வருஷம் வக்கீல் ஃபீஸ் கட்டியிருக்கும்? சின்ன வெப்சைட்டா இருந்தா அப்பீல் வரைக்கும் உயிரோட இருந்திருக்குமா?

சும்மாபடிப்பவன்

ரெண்டு டாலர் 😂 சரி இந்த இழைல நிறைய கத்துக்கிட்டேன், அதுக்காக நான் கட்சி மாறிட்டேன்னு நினைக்காதீங்க. பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி ஒருவர்னு போடுறீங்களே அது யாரு? நீங்களே உக்காந்து எழுதுனதா இருந்தாலும் எங்களுக்கு எப்படி தெரியும்?

ராத்திரிடெஸ்க்

நல்ல கேள்வி, எங்க ஆளுங்க ரொம்ப சோம்பேறித்தனமா பயன்படுத்துற விஷயம் இது. அமெரிக்க அதிபர் நிக்சன் ராஜினாமா பண்ண காரணமான வாட்டர்கேட் ஸ்டோரிக்கு தகவல் குடுத்தவர் எஃப்பிஐல ரெண்டாவது இடத்துல இருந்த மார்க் ஃபெல்ட்னு 2005-லதான் வெளிய வந்துச்சு, அதுவும் அவர் பக்கத்துல இருந்தே. முப்பது வருஷத்துக்கும் மேல ரிப்போர்ட்டருங்க வாய தொறக்கல. இது நல்ல பக்கம். வேலை போகும், உயிர் போகும்ங்கிற ஆளுக்கு இந்த மறைப்பு வேணும். கெட்ட பக்கம் ஈராக். பேரழிவு ஆயுதம் இருக்குன்னு பேர் சொல்லாத அதிகாரிங்களையும், ஆட்சி மாறணும்னு ஆசைப்பட்ட நாடு கடந்த ஈராக்கியருங்களையும் நம்பி எழுதிட்டு, போர் ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கும் மேல ஆன பிறகு 2004 மே மாசம் நியூயார்க் டைம்ஸ் நாங்க இன்னும் கடுமையா கேள்வி கேட்டிருக்கணும்னு குறிப்பு போட்டுச்சு. அங்க நடந்த கூத்து என்னன்னா, ஒரே கூட்டத்துல இருந்து வந்த தகவல் பேப்பருக்கும் போச்சு, அரசாங்கத்துக்கும் போச்சு. அரசாங்கத்த கேட்டா ஆமாங்குது. ரெண்டு சோர்ஸ் மாதிரி தெரியும், நிஜத்துல ஒண்ணுதான்.

அதனால பேர் இல்லாத சோர்ஸ பாத்தா நீங்க மூணு கேக்கலாம். அவருக்கு இது நேரடியா தெரிய வாய்ப்பு இருக்கான்னு எழுதியிருக்காங்களா, ஏன் பேர மறைச்சாங்கன்னு சொல்லியிருக்காங்களா, அவர் குடுக்கிறது தகவலா இல்ல வெறும் கருத்தா, எதிராளிய திட்டுறதா. பேர் சொல்லாம ஒருத்தர் இன்னொருத்தர திட்டுறத போட்டாங்கன்னா பக்கத்த மூடிடுங்க.

புதுப்பேனா

அண்ணே, அதையொட்டி ஒண்ணு. ஒருத்தர் அரை மணி நேரம் பேசிட்டு கடைசில இதெல்லாம் ஆஃப் த ரெக்கார்டு, வெளிய போடாத தம்பின்னு சொல்லிட்டு போனா அத போடலாமா கூடாதா? நாளைக்கே தேவைப்படுது.

ராத்திரிடெஸ்க்

யார் அந்த ஒருத்தர்ங்கிறத பொறுத்து. அமைச்சர், பெரிய கம்பெனி பிஆர்ஓ, தினமும் மைக் முன்னாடி நிக்கிற ஆளுன்னா, ஆஃப் த ரெக்கார்டு பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் செல்லும், பேசி முடிச்சிட்டு சொன்னா செல்லாதுன்னு அவருக்கு நல்லா தெரியும். மரியாதையா அதையே சொல்லு, எடிட்டர்கிட்ட சொல்லிட்டு போடு. வாழ்க்கைல முதல் தடவையா ஒரு ரிப்போர்ட்டர்கிட்ட பேசுற ஆளுன்னா, புள்ளைய பறிகொடுத்த அப்பா, வேலை போயிடும்னு பயப்படுற க்ளார்க், அவங்கள்ட்ட இந்த ரூல் பேசாத. திரும்ப போய், எந்த வரிய போடலாம், எது வேணாம், பேர் போடலாமான்னு உக்காந்து கேளு. முடியாதுன்னா அதே தகவல் எந்த ரெக்கார்டுல கிடைக்கும்னு அவங்களையே கேட்டுப்பாரு, பாதி நேரம் சொல்லிடுவாங்க.

வழக்குக்கட்டு

நோட்ஸ தேதி நேரத்தோட எழுதி பத்திரமா வை தம்பி. ஃபோன்ல ரெக்கார்டு பண்றதா இருந்தா உங்க லீகல் ஆள முதல்ல கேளு, ஒருத்தர் சம்மதம் போதுமா எல்லார் சம்மதமும் வேணுமாங்கிறது நாட்டுக்கு நாடு சட்டம் மாறும்.